இருளில் நிற்கும் திருப்பாடல்

2004 டிசம்பர் 26, திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. மாமல்லபுரம் கரையோரக் குப்பங்களில் ஆழிப்பேரலை புகுந்தது அன்று காலையில்தான். 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டம் அப்போது ஈராண்டுக் குழந்தை. நினைவு வழிபாடுகளுக்கென நாம் எழுதும் மன்றாட்டுகளோ பெரும்பாலும் 'இறைசித்தம்' என்ற சொல்லோடு அமைதியடைந்துவிடுகின்றன. மெருகுண்டு, கண்ணீர் இல்லை. 88ஆம் திருப்பாடலை அவற்றின் அருகில் வைத்துப் படியுங்கள். அலைகளை இறைவனுடையவை என்றே சொல்லி, அவரிடமே முறையிடுகிறார் ஆசிரியர். விடை வரவில்லை, பாடல் இருளிலேயே நின்றுவிடுகிறது. ஆயினும் தொடக்கத்தில் தம்மை மீட்பவர் என விளித்தவரை அவர் இறுதிவரை விடுவதில்லை; அது செபமாவது அதனால்தான். திருச்சபையும் அதனை ஒதுக்காமல் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. நம் நினைவு வழிபாட்டிலும் அதனை முழுமையாக வாசிக்கலாம், முடிவில் ஆறுதல் மொழி எதனையும் ஒட்டாமல்.