விழத் தெரிந்தவன்

ஜப்பானில் மாலை ஆறரை என்றால் ஆரணியில் பிற்பகல் மூன்று மணி. சாப்பிட்டுவிட்டுத் தெருவே கண் அசரும் நேரம். சித்தப்பா மட்டும் குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்திருப்பார். நான் சுவரோரம் பாய் விரித்துப் படுத்திருப்பேன். கையில் போன், போனுக்குள் டோக்கியோவின் கொராகுவென் ஹால். 1962-இல் திறந்த பழைய அரங்கம் அது, ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. இரண்டாயிரம் பேர் வந்தால் நிரம்பிவிடும். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்துக்கு அதுதான் பிறந்த வீடு மாதிரி.

"ஏன்டா, இது நிஜச் சண்டையா, பேசி வெச்சதா?" என்று சித்தப்பா ஒருநாள் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான்.

"யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சதுதான் சித்தப்பா. ஆனா அடி நிஜம்."

"அப்ப கூத்துன்னு சொல்லு" என்றவர் நாடாவைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் சின்ன வயதில் அண்டர்டேக்கர் படம் போட்ட சீட்டுக்கட்டு சேர்த்தவன். அமெரிக்கக் குஸ்தியை டிவியில் பார்த்து, பள்ளிக்கூடத்தில் அடித்துக்காட்டி, பிறகு "எல்லாம் பொய்யாம்" என்று தெரிந்து வெட்கப்பட்டு விட்டவன். ஜப்பான் பக்கம் போனது ரொம்பப் பிந்தி. அங்கும் பொய்தான் என்று தெரிந்தே போனேன். எதற்காக இதைத் தொடர்ந்து பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியாமல் இருந்தது. சித்தப்பா போகிறபோக்கில் சொன்ன அந்த வார்த்தைக்கு அப்புறம்தான் பிடி கிடைத்தது.

எங்கள் பக்கத்து ஆளிடம் கூத்து என்று சொன்னால் அது வசவு ஆகாது. போளூர், சேத்துப்பட்டு, செய்யாறு, வந்தவாசி என்று எந்தத் திசையில் போனாலும், கோடையில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடந்துகொண்டிருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. புரிசை கண்ணப்பத் தம்பிரான் ஆடிய சீமை இது.

படுகளத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலுக்கு எதிரே திடலில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கிற துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள். பல ஆள் நீளம் இருக்கும். வர்ணம் பூசி, மீசை முறுக்கி, பயமுறுத்தும் கண்ணோடு வானத்தைப் பார்த்துக் கிடப்பான். அவன் தொடைக்குள் சிவப்பு நீரை ஒளித்து வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க ஆடிய துரியோதனன் வேஷக்காரர், கண் சிவந்து, மரக்கட்டை அணிகளின் கனத்தோடு அந்த உடம்பைச் சுற்றி ஓடுவார், பீமன் துரத்துவான். சில சமயம் இருவரும் கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்துவிடுவார்கள். முடிவு, பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பீமன் தொடையில் அடிப்பான், இவன் விழுவான். அது தெரிந்தும் பத்துப் பதினைந்து ஊர் ஜனம் வெயிலில் நிற்கிறது. எதற்கு? அவன் எப்படி விழப்போகிறான் என்று பார்க்கத்தான்.

சுமாரான வேஷக்காரர் கதாயுதம் படுவதற்கு முன்பே சரிந்துவிடுவார். நல்லவர் அடியை வாங்கி வைத்துக்கொள்வார். அடி பட்டதை முதலில் உடம்பு ஒப்புக்கொள்ளாது. பிறகு முட்டிக்குத் தெரியும், அப்புறம் தோளுக்கு, கடைசியில்தான் முகத்துக்கு. ராஜா செத்துக்கொண்டிருக்கிறான் என்று அந்த முகத்தில் எழுதுகிற கணத்தில்தான் எதிரே நிற்கிற பீமன் பலசாலி ஆகிறான். பீமன் வேஷக்காரர் எவ்வளவுதான் உறுமினாலும் அந்தப் பலத்தை அவரே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அடி வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும்.

ஜப்பான் மல்யுத்தத்தின் அடித்தளமும் இதுதான். அதற்கு அவர்கள் 'உகேமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜூடோவிலிருந்து வந்த சொல். விழுவதை, அடியை உடம்பால் ஏற்பதைக் குறிக்கும். நியூ ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தில் சேரும் பையனுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது எதிராளியைத் தூக்கிப் போடுவதை அல்ல, போட்டால் விழுவதை. தாடையை மார்போடு ஒட்டி, முதுகு பரந்து தரையில் படும்படி, கை விரித்து அடித்து விழ வேண்டும். ஆயிரம் தடவை. அந்தப் பையன்களை 'யங் லயன்' என்பார்கள். கறுப்பு டிராயர், கறுப்பு பூட்ஸ் தவிர வேறு அலங்காரம் கிடையாது. மூத்தவர்களுக்குச் சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், ரிங் கட்ட வேண்டும். ரசிகர்கள் வீசும் வண்ணக் காகித நாடாக்களைச் சுருட்டி அப்புறப்படுத்துவதும் அவர்கள்தான். பட்டுநூல் கண்டு அவிழ்ந்த மாதிரி அந்த நாடாக்கள் ரிங்கில் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாராவது திட்டப்போகிறார்கள் என்றே தோன்றும். எங்கள் வீட்டில் நூலைச் சிக்கலாக்கினால் சோறு கிடையாது.

அந்தப் பையன்கள் செய்கிற உடற்பயிற்சியைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். நம் பஸ்கியும் தண்டாலும்! நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள். ஜப்பானில் 'மல்யுத்தத்தின் கடவுள்' என்று கொண்டாடப்பட்ட கார்ல் காட்ச் என்ற ஐரோப்பியர், இந்திய அகாடாக்களின் இந்தப் பயிற்சிகளைத்தான் அங்கே சொல்லிக்கொடுத்தார். கர்லாக்கட்டை சுற்றுவதில்கூட அவருக்குப் பிரியம் உண்டு.

கொடுக்கல் வாங்கல் இதற்கும் பழையது. 1954 பிப்ரவரியில் ரிக்கிடோசான் என்ற முன்னாள் சுமோ வீரர், அமெரிக்காவிலிருந்து வந்த ஷார்ப் சகோதரர்களைக் கராத்தே வெட்டால் சாய்த்தபோது, வீட்டில் டிவி இல்லாத ஜனம் டோக்கியோவின் ஷிம்பாஷி ரயில் நிலையத்து மைதானத்தில் பொது டிவிப் பெட்டி முன்னால் முண்டியடித்தது. போரில் தோற்று ஒன்பது வருஷம்கூட ஆகாத நாடு அது. ரிக்கிடோசான் பிறந்தது கொரியாவில் என்பதை வெளியே சொல்லாமலே அவரை ஜப்பானின் மானம் காத்தவர் ஆக்கினார்கள். மறுவருஷம் அவர் ஆசியப் பட்டம் வென்றது யாரைத் தோற்கடித்து என்று நினைக்கிறீர்கள்? கிங்காங்கை. நம் தாத்தாமார்கள் 'தாராசிங் – கிங்காங்' என்று ஒரே மூச்சில் சொல்வார்களே, அதே கிங்காங்தான். எமில் சாயா என்ற இயற்பெயர் கொண்ட ஹங்கேரிக்காரர். இந்தியாவிலும் சிங்கப்பூரிலுமாக அடித்தும் அடி வாங்கியும் பிழைத்தவர்.

அதற்குப் பிறகு ஜப்பானுக்குப் போனவர் லூதியானா பக்கம் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங். தலைப்பாகையும் வாயில் கவ்விய வாளுமாக வருவார். 1973 நவம்பரில், டோக்கியோவின் ஷிஞ்ஜுகு பகுதியில் இசெத்தான் கடை வாசலில், மனைவியோடு வந்த ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியை நடுத்தெருவில் அடித்து நொறுக்கினார். போலீஸ் வந்தது. ஊரே கொதித்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. படுகளத்துத் துரியோதனன் கயிற்றுக்கு உள்ளேயேவா நிற்கிறான்? ஜனத்தின் மேல் விழுந்துதானே ஓடுகிறான். அதே ஜீத் சிங்கின் பெயரில் இன்று கனடாவின் மில்டன் நகரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. வில்லன் வேஷம் கட்டுகிறவருக்குத் தனி மரியாதை உண்டு என்பது கூத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்கள் சண்டையைவிட என்னை உலுக்கியது ஒரு பெண்கள் சண்டை. 1985 ஆகஸ்ட் 28, ஒசாகா. சிகுசா நகாயோ என்ற இளம் பெண்ணை அன்றைக்குப் பள்ளி மாணவிகள் தெய்வமாகக் கும்பிட்டார்கள். எதிரே முகமெல்லாம் சாயம் பூசி, சங்கிலியும் கையுமாக டம்ப் மட்சுமோட்டோ. தோற்றவள் தலைமயிரை இழக்க வேண்டும் என்பது பந்தயம். சிகுசா தோற்றாள். ரத்தம் வழிய நாற்காலியில் உட்காரவைத்து மழித்தார்கள். அரங்கம் முழுக்கச் சிறுமிகள் கதறுகிறார்கள். அழுகை இல்லை அது, ஒப்பாரி. துச்சாதனன் பாஞ்சாலியின் கூந்தலில் கை வைத்த ராத்திரி எங்கள் ஊர்க் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்களே, அந்தக் குரல். அடுத்த வருஷம் நவம்பரில் மறு சண்டை. இந்த முறை டம்ப்பின் தலை மழிக்கப்பட்டது. படுகளத்தில் பாஞ்சாலி ரத்தம் பூசிக் கூந்தல் முடிப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா?

ஜப்பானிய மல்யுத்தத்தின் உச்சம் எது என்று கேட்டால், தொண்ணூறுகளின் ஆல் ஜப்பான் நிறுவனம் என்றுதான் சொல்வேன். மிசாவா, கவாடா, கொபாஷி, தவுவே என்று நான்கு தூண்கள். 1995 ஜூன் 9, நிப்பான் புடோகான் அரங்கம். ஒரு பக்கம் மிசாவாவும் கொபாஷியும், மறுபக்கம் கவாடாவும் தவுவேயும். நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு மேல் போகிற சண்டை. கொபாஷிக்குக் கால் சரியில்லை, கட்டுப் போட்டிருக்கிறது. எதிராளிகள் அந்தக் காலையே தேடித் தேடி அடிக்கிறார்கள். மிசாவாவின் கண்ணோர எலும்பு ஏற்கெனவே முறிந்தது. கடைசிக் கட்டத்தில் மிசாவா பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். எழுந்து நிற்க முடியாத கொபாஷி தவழ்ந்துபோய் அவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்கிறார். 'அவனை அடிக்காதே, என்னை அடி' என்று உடம்பால் சொல்கிறார். அதற்காகவே இன்னும் அடி வாங்குகிறார். அன்று கவாடா மிசாவாவை வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோள் படியக் கிடத்தி ஜெயித்தார். என்றாலும் எனக்கு நினைவில் நிற்பது ஜெயித்தவர் முகம் இல்லை.

பெரியம்மா அந்த இடத்தை மட்டும் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு, கூடப் பொறந்தவனா?" என்று கேட்டாள்.

2005 ஜூலையில் டோக்கியோ டோமில் அதே கொபாஷியும் கென்சுகே சசாகியும் எதிரெதிரே நின்று மார்பில் மாறி மாறி அறைந்துகொண்டது ஏறக்குறைய ஐந்து நிமிடம். வேறு ஒன்றும் இல்லை, அறை மட்டும்தான். மார்பு செங்கல் நிறத்துக்கு வருகிறது. சத்தம் கேட்டு சித்தப்பா தறியிலிருந்து திரும்பினார். "பண்ணை அடிக்கிற மாதிரியே இருக்கேடா" என்றார். பண்ணை என்றால் தறியில் ஊடை நூலை அடித்து நெருக்கும் சட்டம்; பாவு என்பது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பண்ணைக்கு என்ன, மரமும் கம்பியும். அடிச்சுட்டுப் போயிடும். பாவு வெறப்பா நின்னு வாங்கணும். அது தளர்ந்துச்சுன்னா சேலை தொளதொளன்னு போயிடும்" என்றார். எடை குறைந்த பட்டுக்குப் பேர்போன ஊரில் நாற்பது வருஷம் உட்கார்ந்த ஆள். எந்த ஜப்பானிய வர்ணனையாளரும் உகேமியை எனக்கு இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

இதில் கறை இல்லாமல் இல்லை. கழுத்து மடங்கி விழுகிற உத்திகள் அந்தத் தொண்ணூறுகளில் கூடிக்கொண்டே போயின. ரசிகர்கள் கேட்டார்கள், அவர்கள் கொடுத்தார்கள். 2009 ஜூன் 13, ஹிரோஷிமாவில், எத்தனையோ ஆயிரம் முறை விழுந்து எழுந்த மிசாவா ஒரு சாதாரணப் பின்வீச்சில் விழுந்தார், எழவில்லை. வயது 46. 2017 ஏப்ரலில் ஷிபாட்டா என்பவர் தன் தலையால் ஒக்காடாவின் தலையை முட்டிய சத்தம் தேங்காய் உடைத்தது போல இருந்தது. நானும் 'ஆகா' என்றேன். மண்டைக்குள் ரத்தம் கட்டி அன்றிரவே அவரை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். என் 'ஆகா'வுக்கும் அதில் பங்கு உண்டு. அடியைத் தடுக்காமல் ஏற்பது கலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தலையைக் கொடுத்து முட்டுவது கலையில் சேராது; மண் பொம்மைக்குப் பதில் ஆளையே வெட்டுகிற காரியம் அது. அந்த ஒரு சண்டையை நான் இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

கொரோனா வந்தபோது ஒரு வினோதம் நடந்தது. 2020 ஜூலையில் ஒசாகாவில் மறுபடி ஜனத்தை உள்ளே விட்டார்கள்; ஆனால் வாய் திறக்கக் கூடாது, கைத்தட்டலாம். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. பலருக்கு அது சப்பென்று இருந்தது. எனக்கு அந்தக் காலம்தான் காதைத் திறந்தது. முதுகு விரிந்து விழுந்தால் ஒரு சத்தம், இடுப்பு முதலில் பட்டால் வேறு சத்தம், விழுந்தவன் மூச்சை வெளியே விடும் சத்தம் தனி. யார் விழத் தெரிந்தவன் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். தனாஹாஷி என்ற அழகர் விழுந்த சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். முட்டி தேய்ந்துபோன வயதிலும் அவர் விழுந்த தாளம் தப்பியதில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: முதலில் அந்த 1995 ஜூன் சண்டையைப் பாருங்கள். ஆங்கில வர்ணனை வேண்டாம். ஜப்பானிய வர்ணனையோடு, புரியாமலே பாருங்கள். அது பிடித்தால் அடுத்த கோடையில் எங்கள் பக்கம் ஒரு படுகளத்துக்கு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் வந்து மண் துரியோதனனின் கால்மாட்டில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். பீமனை ஊரே பார்க்கும். நீங்கள் வேஷக்காரரின் முட்டியைப் பாருங்கள்.