யாருடைய பொழுது?

அகில இந்திய வானொலியின் பழைய நாட்களைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். காலையில் மங்கள இசை, அப்புறம் செய்தி, கர்நாடகக் கச்சேரி, சாயங்காலம் வேளாண்மை, ராத்திரி நாடகம். அந்தப் பொழுது யாருக்கு விடிஞ்சது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தை நாட்டின் இசையாக்க முனைந்தார். சினிமாப் பாட்டு ஒதுக்கப்பட்டது. ஜனங்க இலங்கை வானொலிப் பக்கம் போனாங்க. அதன் பிறகே, 1957 அக்டோபர் 3இல், விவித்பாரதி வந்தது. உயர்ந்த ரசனை என்று சொல்லப்பட்டதில் சாதி இல்லையா? வாய்ப்பாட்டுக்கு மேடை, பறைக்குக் ‘கிராமிய இசை’ என்கிற மூலை.

1966இல் பண்ணை, இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கின. விதை, உரம், பூச்சிமருந்து என்று நிலம் உள்ளவரிடம் பேசினார்கள். நாத்து நட்டவளின் கூலியை யார் பேசினது? உரக் கணக்கு காற்றில் வந்த அதே காலத்தில்தான், 1968 டிசம்பர் 25இல், கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

காத்துல வர்ற குரலுக்குத் தீட்டு கிடையாது. அது சேரிக்கும் வந்தது. சேரியிலிருந்து நிலையத்துக்குப் போன குரல் எத்தனை? முதலில் அந்தக் கணக்கை எழுதுங்கள். ஏக்கம் அப்புறம்.