சர்வர் வேலை வெறும் படிக்கட்டா?

கோவையில் மோட்டிவேஷன் பேசுகிறவர்கள் ஜி.டி. நாயுடுவைத் தொடாமல் மேடையை விட்டு இறங்குவது அபூர்வம். கலங்கல் கிராமத்துப் பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் மேல் ஆசைப்பட்டார். கோவைக்கு வந்து ஹோட்டல் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து அதை வாங்கினார். பிரித்துப் பூட்டி இயந்திரம் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார்.

எனக்கும் பிடிச்ச கதைதான். ஆனா கவனிச்சுப் பாருங்க, இதில் சர்வர் வேலைக்கு ஒரே ஒரு வரி. ஏறிக் கடந்து போவதற்கான ஒரு படி, அவ்வளவுதான். ஒரே ஹோட்டலில் முப்பது வருஷம் இலை போட்டுப் பரிமாறினவருக்குக் கதையே கிடையாது. இப்போ ‘ஹஸில்’னு சொல்றாங்களே, அதோட அடிப்படைக் கணக்கே இதுதான்: விட்டுட்டு மேலே போனால்தான் அந்த வேலைக்கு மதிப்பு.

மேலே போக நினைக்காதவரையும் இந்தக் கணக்கு விடுவதில்லை. ஆலாந்துறை பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டி 2019-ல் நாடு முழுக்கத் தெரியவந்தார். அவருடைய விறகடுப்பைப் பார்த்த ஆனந்த் மஹிந்திரா, அந்தத் தொழிலில் முதலீடு செய்யவும் கேஸ் அடுப்பு வாங்கித் தரவும் தயார் என்று ட்விட்டரில் எழுதினார். கேஸ் வந்தது. 2022 அன்னையர் தினத்தில் வீடும் வந்தது. நல்ல காரியம், குறை சொல்ல ஒண்ணுமில்லை.

குறை, பாட்டியை நாம் வாசித்த விதத்தில் இருக்கு. எண்பது வயசுலயும் உழைக்கிறார், இளைஞனுக்கு என்ன கேடு என்று பாடம் எடுத்தோம். அவர் செய்ததோ நேர் எதிர். கூலி வேலைக்குப் போகிறவங்க வயிறு நிறையணும்னு விலையை ஏற்ற மறுத்தார். லாபத்தைப் பெருக்கு என்கிற முதல் பாடத்தையே அவர் படிக்கவில்லை.

அதுக்காக, குறைஞ்ச காசுக்கு உழைக்கிறதே பெருமைன்னு சொல்லிடவும் முடியாது. பாட்டி தானே எடுத்த முடிவு அது. சம்பளத்துக்கு நிற்கிறவருக்கு அந்த உரிமை இல்லை. ஒப்பணக்கார வீதியிலோ கிராஸ்கட் ரோட்டிலோ தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது நாம் உட்கார்ந்திருப்போம். எடுத்துப் போடுகிற பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பார். அவருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! கண்ணியம்னு நாம பெரிசா பேசுறது, கடைசியில் ஒரு ஸ்டூல் அளவுக்குச் சின்ன விஷயம். அதைத்தான் கொடுக்காம இருந்திருக்கோம்.

அடுத்த முறை யாராவது நாயுடு கதை சொன்னால் ஒண்ணு கேட்கணும்னு இருக்கேன்: அந்த ஹோட்டலில் அவர்கூடப் பரிமாறின மத்தவங்களுக்கு என்னங்க சம்பளம்? உட்கார்ந்து சாப்பிட நேரம் இருந்துச்சா?