பொறுத்தருளல்: பாவமும் மீட்பும் தமிழில் பேசப்பட்ட விதம்

பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குப் போகும் சாலையில் வடுகபட்டி, மேல்மங்கலம் தாண்டினால் ஜெயமங்கலம். அங்கே பேருந்துக்கு நின்ற ஒரு மாலையில், நாற்று நட்டுவிட்டுச் சேறு காயாத காலோடு வந்த பெண்கள் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் காய்ச்சல் கண்ட குழந்தை. பக்கத்திலிருந்தவள் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பாவம்ப்பா, காலைலருந்து ஒண்ணும் திங்கல போல" என்றாள். சற்று நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஊழியக்காரர் ஒருவர் வந்து கைப்பிரதி கொடுத்தார். அதன் முதல் வரியிலும் பாவம்தான் இருந்தது. அது மனிதனைக் கடவுளிடமிருந்து பிரிக்கும் பாவம்.

ஒரே சொல். ஒன்று இரக்கம், மற்றொன்று குற்றம். துன்பப்படுகிறவரையும் தப்புச் செய்தவரையும் ஒரே சொல்லால் தொடும் மொழியில்தான், இயேசுவின் மரணத்தால் பாவம் மன்னிக்கப்பட்டு மனிதர் மீட்கப்படுகிறார் என்ற நம்பிக்கை நாலரை நூற்றாண்டாகப் பேசப்பட்டுவருகிறது. அந்தப் பேச்சு எழுத்தில் எப்படி வளர்ந்தது, எங்கே நின்றுபோனது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தமிழ் அச்சின் முதல் பத்தாண்டிலேயே இந்தப் பொருள் வந்துவிடுகிறது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கசு 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1580இல், பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு ஒன்று அவரிடமிருந்து வந்தது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேற அதற்குப் பிறகு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அதை 1714–15இல் அச்சிட்டார். அதாவது வேதாகமத்துக்கு முன்னதாகவே, "என்ன தப்புச் செய்தாய்?" என்று கேட்கும் புத்தகம் தமிழில் இருந்தது. இதை நம் அச்சு வரலாற்றாளர்கள் தேதியாகக் குறித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய இடம் இது. குருவின் காதில் தன் தப்பைத் தன் வாயால் வரிசைப்படுத்திச் சொல்லும் பழக்கம் ஒரு புதுவகைப் பேச்சு. அதற்கு வைத்த பெயரும் வியப்புக்குரியது. சங்கீர்த்தனம் என்றால் இறைவன் புகழை வாய்விட்டுச் சொல்வது. அந்தச் சொல்லோடு பாவத்தைச் சேர்த்தார்கள். இன்று கத்தோலிக்கர் அதை 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கிறார்கள். குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. ஊருக்குப் பயன்பட வாழ்வதை அது சொல்லும். வாயால் சொல்வதில் இருந்த அழுத்தம் உறவைச் சரிசெய்வதற்கு நகர்ந்திருக்கிறது. நல்ல நகர்வு.

அடுத்து வந்த வழக்கு வினை பற்றியது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தத்துவப் போதகர் என்று அறியப்பட்டவர். மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தனி நூலே எழுதினார். காரணம் தெளிவு. வினை என்பது நுகர்ந்து தீர வேண்டிய கணக்கு. பிறவிதோறும் அது தொடரும். பாவம் அப்படியல்ல, ஒருவருக்கு எதிராகச் செய்யப்பட்டது, ஆகவே அவரால் மன்னிக்கப்படக்கூடியது என்பது கிறித்தவ வாதம். ஆனால் தமிழ்ச் சைவமும் வைணவமும் வெறும் கணக்கோடு நின்றவை அல்ல. அருள் வந்து வினையை அறுக்கும் என்று பாடியவை. மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதியபோது, மிஷனரிகளின் பழிச்சொற்களுக்குத் தக்க ஆயுதங்களோடு பதில் சொன்னார். கிறித்தவத் தரப்பில் இந்த அருள் மரபைப் பொறுமையாக ஏற்றுப் படித்தவர்கள் பிறகுதான் வந்தார்கள். ஏ.ஜே. அப்பாசாமி 1927இல் கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார். யாழ்ப்பாணத்துப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1964இல் அருள் என்ற கருத்தைக் கிறித்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் தந்தார். எம். தாமஸ் தங்கராஜ் 1994இல் சைவ சித்தாந்தத்தின் குரு என்னும் கருத்தை எடுத்து, சிலுவையில் அறையப்பட்ட குருவாக இயேசுவைப் பேசினார். மூவரில் இன்று அதிகம் படிக்கப்பட வேண்டியவர் குலேந்திரன் என்பேன். ஒற்றுமையைச் சொல்லும்போது வேற்றுமையை அவர் மறைப்பதில்லை.

படித்தவர்கள் வினையில் நின்றுவிட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் நிற்க வேண்டிய சொல் கடன்.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குத் தேனி மாவட்டமே திரளும். முல்லையாற்றில் குளித்துத் தீச்சட்டி எடுப்பவர்கள், உடலெங்கும் சேறு பூசி வருபவர்கள் எல்லாரும் செலுத்துவது நேர்த்திக்கடன். ஆத்தாளிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டால் மனசு உறங்காது. இந்த மண்ணில் தெய்வத்தோடு மனிதருக்கு உள்ள உறவைச் சொல்லும் சொல் இதுதான். மத்தேயு எழுதிய நற்செய்தியின் மூலக் கிரேக்கத்தில், இயேசு கற்றுக்கொடுத்த செபத்தில் மன்னிக்கக் கேட்பதும் கடனைத்தான். வேதாகமத்தின் பழைய திருப்புதலில் கடன் அப்படியே இருக்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது குற்றம் ஆகிவிட்டது. கோயில்களில் மனப்பாடமாகச் சொல்லும் செபத்திலும் குற்றம்தான். புரியாத சொல்லை மாற்றுவது சரி. கடன் புரியாத விவசாயி தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறார்? வாழைக்கு மருந்தடிக்க வாங்கியது, மகளுக்குச் சீர் செய்ய வாங்கியது, நகையை அடகு வைத்தது, வட்டி கட்டியே முதலைப் போல மும்மடங்கு போனது. இவருக்குக் 'குற்றம் மன்னிக்கப்பட்டது' என்பது ஒரு செய்தி. 'கடன் தள்ளுபடி' என்பது உயிர் திரும்பிவருவது.

மத்தேயு 18ஆம் அதிகாரத்துக் கதையை இங்கே வைத்துப் பார்க்கலாம். அரசனிடம் ஒரு பணியாளன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். தெனாரியம் ஒருநாள் கூலி. பெருக்கினால் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் 2 லட்சம் ஆண்டு உழைக்க வேண்டும். அரசன் மனமிரங்கி முழுவதையும் விட்டுவிடுகிறான். வெளியே வந்த அந்த ஆள், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய சக பணியாளன் கழுத்தை நெரிக்கிறான். அந்த 100 என்ற எண்ணை ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்குப் போய்க் காய்ந்த கண்மாயில் மண் அள்ளியவர்களுக்கு அது எவ்வளவு பணம், எத்தனை மாதப் பால் பாக்கி என்று உடம்புக்கே தெரியும். அது அற்பத் தொகை அல்ல. அதை விட்டுக்கொடுக்க வலிக்கும். கதையின் கூர் அந்த வலியில் இருக்கிறது. மன்னிப்பு இலவசம் என்று பிரசங்கிக்கிறோம். வாங்குகிறவருக்கு இலவசம். கொடுக்கிறவர் அந்த நட்டத்தைத் தானே ஏற்கிறார். சிலுவையைப் பற்றிய கிறித்தவ நம்பிக்கையின் மையம் இதுவே: கடனை விட்டவர் அதன் பாரத்தைத் தன்மேல் எடுத்துக்கொண்டார்.

இதைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. ஊரில் 'மன்னிப்பு' அவ்வளவாகப் புழங்குவதில்லை. "பொறுத்துக்க ஆத்தா" என்பார்கள், "மனசுல வச்சுக்காதப்பா" என்பார்கள். பொறுத்தல் என்றால் சுமத்தல். சுமைதாங்கிக் கல்லும் பொறுக்கிறது, நிலமும் பொறுக்கிறது. பழைய கத்தோலிக்க செபங்களில் 'பொறுத்தருளும்' என்றுதான் கேட்டார்கள். எபிரேயத்தில் 'நாசா' என்ற வினைக்கும் இதே இரட்டைப் பொருள்: தூக்கிச் சுமப்பது, மன்னிப்பது. இரண்டு மொழிகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. 'மன்னியும்' என்று மாற்றியபோது அந்தச் சுமை கைநழுவியது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற இழப்பு.

அந்தச் சுமையைக் காவியமாக்கியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியனின் பயணக் கதையைத் தழுவி 1894இல் அவர் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. முதுகில் பாவச்சுமையோடு வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒருவன் சிலுவையடியில் அதை இழக்கிறான். பனியனிடம் அது ஆங்கிலக் கிராமத்து மனிதனின் பயம். பிள்ளையிடம் அது ஆழ்வார்களின் உருக்கத்தோடு கலந்துவிட்டது. ஆய்வாளர்கள் இந்நூலில் கம்பனின் சாயலைத் தேடித் தேடி எழுதியிருக்கிறார்கள். பாவம் என்ற கருத்தை அவர் என்ன செய்தார் என்று எழுதியவர் குறைவு.

இதுவரை பார்த்ததெல்லாம் பாவம் செய்தவரின் பக்கம். பாவம் செய்யப்பட்டவரின் பக்கம் என்ன ஆயிற்று?

இக்கேள்வி முதலில் சாதியைப் பற்றி எழுந்தது. சபைக்குள் சாதி பார்ப்பது பாவமா, வெறும் ஊர் வழக்கமா? 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியை விட்டொழிக்கச் சுற்றறிக்கை விட்டார். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், அத்தனை அருமையாகப் பாவ மன்னிப்பைப் பாடிய அதே மனிதர், சாதி வழக்கத்துக்காக மிஷனரிகளோடு வாதாடினார். இந்த வட்டாரத்தில் ஊழியம் செய்த அமெரிக்க மதுரை மிஷன் 1847இல், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானித்தது. உபதேசியார் பலர் விலகிப் போனார்கள். கொலையும் களவும் பாவம் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்குச் சிரமம் இல்லை. ஒரு தட்டுச் சோறுதான் தொண்டையில் சிக்கியது.

அந்தச் சோற்றையே இறையியலாக்கியவர் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்று மாணவர்கள் அழைத்த அவர், 2005இல் காலமாகும்வரை, பறையும் நாட்டுப்புற மெட்டும் கொண்டு வழிபாட்டைக் கட்டினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்பது அவருக்கு நற்கருணையின் விளக்கம். ஒடுக்கப்பட்டவரை நோக்கி "நீ பாவி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது, அவருக்கு எதிராகச் செய்யப்பட்ட பாவத்தை மூடிவைப்பதாகும் என்ற தலித் இறையியலின் வாதம் அவர் பாட்டுகளில் தசையும் எலும்புமாக இருந்தது.

கள்ளர் நாட்டில் இந்த வாதத்துக்கு இன்னொரு முகம் உண்டு. கத்தோலிக்க மறைக்கல்வியில் ஆதிப் பாவத்துக்குச் சென்மப் பாவம் என்று பெயர். எந்தச் சாதியில் பிறந்தாலும் மனிதர் அதில்தான் பிறக்கிறார்கள். 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சொன்னது வேறு: குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர் மட்டும் பிறவிக் குற்றவாளி. பிரமலைக் கள்ளர்மீது அது பாய்ந்தது. கைரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள், 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அச்சட்டம் போனது. இதே சட்டத்தின் கீழ் ஆந்திரப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்தை 1913 முதல் நடத்தியது இரட்சணிய சேனை. இரட்சிப்பு என்ற சொல்லே பெயராக உள்ள அமைப்பு, அரசு சிலரை மட்டும் பிறவிக் குற்றவாளி என்று முத்திரை குத்தியதற்குத் துணைநின்றது. எல்லாரும் பாவிகள் என்ற போதனையைச் சரியாகப் பிடித்திருந்தால், இரட்சணிய சேனை அந்தச் சட்டத்தைத்தான் முதலில் எதிர்த்திருக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்த ஆனந்த் பாண்டியன் 2009இல் வெளியிட்ட 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' நூல், இந்தக் களங்கத்தின் நிழலில் விவசாய மக்கள் நல்லது கெட்டதை எப்படித் தங்கள் உழவின் மொழியிலேயே பேசுகிறார்கள் என்று காட்டுகிறது. அது கிறித்தவ நூல் அல்ல. ஆனால் இப்பகுதியில் மனம் திரும்புதல் பற்றிப் பிரசங்கிக்கும் எவரும் அதைப் படிக்காமல் மேடை ஏறக்கூடாது.

'பொறுத்தல்' என்ற சொல்லைப் புகழ்ந்தேன். அதன் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அடிவாங்கிய மனைவியிடமும், தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்கவிடாத ஊரில் பிறந்தவரிடமும் "பொறுத்துப் போ" என்று சொல்லவும் இதே சொல் பயன்பட்டிருக்கிறது. கிறித்தவ நம்பிக்கையில் சுமையை முதலில் ஏற்றவர் கடவுள். பாதிக்கப்பட்டவர் தலையில் அதை மறுபடி ஏற்றிவிட்டு அதற்கு மன்னிப்பு என்று பெயரிட யாருக்கும் உரிமை இல்லை. தப்புச் செய்தவன் வந்து நின்று வாய்திறந்து சொல்வதும், பறித்ததைத் திருப்பித் தருவதும் இல்லாமல் ஒப்புரவு நடக்காது. லூக்கா 19இல் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்று சொன்ன பிறகே இயேசு அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார். தமிழில் அடகு வைத்த நகையைத் திருப்பி எடுப்பதையும் மீட்பு என்றே சொல்கிறோம். பொருள் உரியவர் கைக்குத் திரும்ப வேண்டும்.

இந்தத் துறையில் நூல் சார்ந்த ஆய்வு, மேலே சொன்ன இடைவெளிகள் இருந்தாலும், நடந்திருக்கிறது. மொழிபெயர்ப்புச் சொற்களைப் பற்றியும், காவியங்களைப் பற்றியும், மிஷன் வரலாற்றைப் பற்றியும் எழுதியவர்கள் பலர். தொடப்படாதது பேச்சு. இராயப்பன்பட்டியிலும் பெரியகுளத்திலும் தேவதானப்பட்டியிலும் மூன்று தலைமுறையாக உபதேசியார்கள் சொன்ன பிரசங்கம், துக்க வீட்டில் செய்த செபம், பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைத்த வார்த்தை எதுவும் அச்சில் பதிவாகவில்லை. பல வீடுகளில் அவர்கள் எழுதிவைத்த குறிப்பேடுகள் பரணில் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் தாத்தாவின் பிரசங்க நோட்டு இருந்தால் பழைய பேப்பர் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, அருகிலுள்ள கல்லூரி நூலகத்தில் ஒரு படி கொடுங்கள். அவருடைய குரல் நினைவிருக்கும் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள்.