எல்லை கடந்த பாரதம்

பங்காருபாளையம் அடங்கிய சித்தூர் மாவட்டம் 1911-இல் வடஆர்க்காடு, கடப்பைப் பகுதிகளால் அமைந்தது. 1960-இல் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. கோடுகள் மாறின, திரௌபதி அம்மன் இருபுறமும் நின்றாள். தெலுங்கில் நிகழும் பாரதத் திருவிழாவிலும் தபசு மரமுண்டு, மண்ணால் சமைத்த துரியோதனனும் உண்டு. அம்மண்ணுருவை வேற்றூருக்குத் தூக்கிச் செல்லவியலாது. ஒவ்வோர் ஊரும் தன் மண்ணில் தானே சமைக்க வேண்டும்.

1957-இன் ‘மாயாபஜார்’ வேறு வகை. தெலுங்கில் சசிரேகா, தமிழில் வத்சலா. பெயரும் மொழியும் மாறின, கோலம் மாறவில்லை. (அக்கதையும் வியாசர் சொன்னதன்று, வாய்மொழி வழக்கும் மேடையும் வளர்த்தது.) பாண்டவரே தோன்றாத பாரதப்படம்!

கூத்தைத் திரைப்படம் விழுங்கிற்று என்பாரோடு யான் உடன்படேன். படம் காண்போரை மகிழ்விக்கும், நேர்த்திக்கடன் ஏற்காது. புலம்பெயர்ந்தோர் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் இன்றும் திரௌபதிக்கே தீமிதிக்கின்றனர்.