ஒரு பிடி உப்பு: எத்தனை கிராம்?

‘மீனுக்கு உடம்பு சரியில்லையா? தொட்டியில் ஒரு பிடி உப்பைப் போடுங்கள்.’ வண்ணமீன் வளர்க்கும் வீடுகளில் இந்த அறிவுரையைக் கேளாதவர் இருக்கமாட்டார்கள். நெமிலிச்சேரியில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், பொங்கலுக்குக் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்து, நகரத்துக் கடையொன்றில் இரண்டடித் தொட்டியும் இரண்டு தங்கமீன்களும் வாங்கி வந்தான். கடையில் ஓர் உப்புப் பொட்டலமும் அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்றும் கொடுத்தார்கள். ஒரு மீனின் வால் ஓரம் சற்றே வெளுத்திருந்தபோது அவன் தாளை என்னிடம் காட்டி, ‘போடலாமா சார்?’ என்று கேட்டான். தாளை முழுதும் படிக்காமலே ‘உப்புத்தானே, போடு’ என்றேன். பத்தாவது வாரம் இரண்டு மீன்களும் இறந்தன. ‘தாளில் போட்டிருந்தபடிதானே சார் செய்தேன்?’ என்று அவன் கேட்டபோதுதான் அந்தத் தாளை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன்.

அதில் நான்கே வாக்கியங்கள். ஒன்று: எல்லா நோய்க்கும் உப்பு நல்லது. இரண்டு: தொட்டிக்கு ஒரு பிடி போடவும். மூன்று: வாரம் ஒருமுறை தவறாமல் போடவும். நான்கு: சமையல் உப்பைப் போடாதீர்கள், அதிலுள்ள அயோடின் மீனைக் கொல்லும், இந்த உப்பையே பயன்படுத்துங்கள். நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். ஒரு நூலைவிட அதிகமான வீடுகளுக்குப் போய்ச் சேரும் இத்தகைய தாளுக்கும் ஒரு மதிப்புரை வேண்டாமா? இக்கட்டுரை அந்த நான்கு வாக்கியங்களின் மதிப்பீடே.

முதலில் தாளின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உப்பு மூடநம்பிக்கை அன்று. நன்னீர் மீனின் குருதியில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு, லிட்டருக்கு 8 அல்லது 9 கிராம் உப்பு கரைந்த நீருக்கு ஏறத்தாழச் சமம். அதைச் சூழ்ந்துள்ள நன்னீரிலோ உப்பு அரை கிராம்கூட இருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே செவுளின் மெல்லிய படலம் ஒன்றுதான் தடுப்பு. கூறு புகவிடும் சவ்வின் ஒருபுறம் செறிந்த கரைசலும் மறுபுறம் நீரும் இருந்தால், நீர் செறிந்த பக்கத்துக்குச் செல்லும் என்பதைப் பள்ளியில் சவ்வூடு பரவல் என்ற பாடத்தில் படித்திருப்பீர்கள். வாண்ட் ஹாஃப் வகுத்த விதியின்படி கணக்கிட்டால் (வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901இல் பெற்றவர் அவரே) மீனின் குருதிக்கும் நன்னீருக்கும் இடையிலான சவ்வூடு அழுத்தம் சுமார் 7 வளிமண்டலம். இது 70 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூணின் அழுத்தத்துக்கு இணையானது!

ஆகவே நன்னீர் மீனின் உடலுக்குள் இரவும் பகலும் நீர் புகுந்துகொண்டே இருக்கிறது. மீன் அதனை நீர்த்த சிறுநீராக இறைத்து வெளியேற்றுகிறது. அப்போது சிறிதளவு உப்பும் போய்விடுகிறது; செவுள் வழியாகவும் கசிகிறது. இழந்த உப்பை ஈடுசெய்வது எப்படி? நன்னீர் விலங்குகள் சுற்றியுள்ள நீரிலிருந்து சோடியம், குளோரைடு அயனிகளை ஆற்றல் செலவிட்டு இழுத்துக்கொள்கின்றன என்பதை டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர் ஆகஸ்ட் குரோ 1930களில் ஆய்ந்து காட்டினார். ஓட்டைப் படகில் அமர்ந்து ஓயாமல் நீரை இறைப்பவனின் நிலையே நன்னீர் மீனின் நிலை.

நலமாயுள்ள மீனுக்கு இது சுமையன்று. தோலில் புண் பட்டாலோ, செவுள் கெட்டாலோ, பையில் அடைத்துத் தொலைதூரம் கொண்டுவந்த களைப்பு இருந்தாலோ ஓட்டை பெரிதாகிறது. இறைக்கும் கையும் தளர்கிறது. அவ்வேளையில் நீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பைக் கரைத்தால், 7 வளிமண்டலத்தில் ஏறத்தாழ இரண்டரை குறைந்துவிடும். மூன்றில் ஒரு பங்குச் சுமை இறங்குகிறது. உப்பின் பயனில் பெரும்பகுதி இதுதான். நோயைக் கொல்வதைவிட, நோயாளிக்கு மூச்சுவிட அவகாசம் தருவதே அதன் முதல் வேலை.

இனி முதல் வாக்கியத்துக்கு வருவோம். ‘எல்லா நோய்க்கும்’ என்பது சரியா? வெண்புள்ளி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மீனின் மேல் ரவை தூவியதுபோல் தோன்றும் இந்நோய்க்குக் காரணம் இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியும் புள்ளி, தோலுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் பருவம். மீன் தாங்கும் அளவு உப்பு அதனைத் தொடுவதில்லை. அது முதிர்ந்து உதிர்ந்து, பலவாகப் பிரிந்து, புதிய மீனைத் தேடி நீந்தும் பருவத்தில்தான் உப்புக்கு மடிகிறது. நம் ஊர் வெப்பநிலையில் இந்தச் சுழற்சி முடிய ஒரு வாரம் போதும். எனவே ஒரே நாளில் புள்ளி மறையவில்லை என்று இன்னொரு பிடி அள்ளிப்போடுவது அறியாமை. புள்ளி மறைந்ததும் மறுநாளே நிறுத்திவிடுவதும் அறியாமை. புள்ளிகள் மறைந்தபின்னும் சில நாள் அதே செறிவைக் காத்திருக்க வேண்டும்.

மற்ற நோய்களைப் பாருங்கள். மீன்பேன், நங்கூரப்புழு போன்ற பெரிய ஒட்டுண்ணிகளை, மீன் நெடுநாள் தாங்கும் அளவு உப்பு ஒழித்துவிடாது. வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நிற்பது ஒரு நோயின் பெயரே அன்று; உள்ளுறுப்பு கெட்டதன் அறிகுறி. 1988இல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் புகுந்து, குளத்து மீன்களின் உடலில் சிவந்த புண்களை உண்டாக்கிப் பேரிழப்பு விளைவித்த நோய்க்குக் காரணம், தசைக்குள் ஊடுருவி வளரும் ஒரு பூசண வகை உயிரி. தசைக்குள் இருப்பதை நீரில் கரைந்த உப்பு எப்படி எட்டும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுத் தொட்டிகளில் மீன்கள் துவளுவதற்குக் காரணம் பெரும்பாலும் கிருமியே அன்று; கழிவுதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை முதல் இரண்டு நஞ்சுகளும் சேரும். உப்பு அம்மோனியாவை நீக்காது. நீரை மாற்றுவதே அதற்கு மருந்து. நைட்ரைட்டின் கதை வேறு. செவுள் குளோரைடை இழுக்கும் அதே வாயில் வழியாக நைட்ரைட்டும் நுழைந்து, குருதியின் நிறத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனை ஏந்தவொட்டாமல் செய்கிறது. நீரில் குளோரைடு மிகுந்திருந்தால் வாயிலில் நெரிசல் ஏற்பட்டு நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பதில்லை. எடையில் நைட்ரைட்டைப்போல் பத்து மடங்கு குளோரைடு இருந்தால் நல்ல பாதுகாப்பு என்பது மீன்பண்ணைகளில் கையாளும் கணக்கு.

இந்தக் கணக்கை நம் தொட்டிக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டருக்குச் சற்று மேல். கூழாங்கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் நீர் சுமார் 45 லிட்டர். நைட்ரைட்டு லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற கேடான நிலையில் இருந்தாலும், வேண்டிய குளோரைடு லிட்டருக்கு 50 மில்லிகிராம். உப்பின் எடையில் சுமார் 60 விழுக்காடு குளோரைடு ஆதலால், தொட்டி முழுவதற்கும் 4 கிராம் உப்பே அதிகம். மட்டமாக எடுத்த தேக்கரண்டித் தூளுப்பு 6 கிராம் இருக்கும். ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவுக்கு ஒரு பிடி எதற்கு?

இன்னொன்று. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் நாக்கு உப்புக் கரிப்பை உணரத் தொடங்கும். எங்கள் பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கரிக்கும் வீடுகள் உண்டு. அந்த நீரை ஊற்றிய தொட்டியில் நைட்ரைட்டுக்கு எதிரான உப்பு முன்பே இருக்கிறது! மாறாக, ‘நல்ல தண்ணீர்’ என்று கேன் தண்ணீரையோ வடிகட்டி இயந்திரத்தின் நீரையோ ஊற்றுபவரின் தொட்டியில் அது அறவே குறைவு. இரண்டு வீட்டுக்கும் ஒரே மருந்துச் சீட்டை நீட்டுகிறது நம் துண்டுத்தாள்.

இரண்டாம் வாக்கியம்: ‘ஒரு பிடி’. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான். பிடி என்பது ஓர் அலகா? என் பிடியும் அந்த மாணவனின் பிடியும் ஒன்றல்ல. கல்லுப்பில் ஒரு பிடியும் தூளுப்பில் ஒரு பிடியும் எடையில் ஒன்றல்ல. கற்களுக்கிடையே காற்று இருக்கிறது. அரையடிக் கண்ணாடிக் குடுவைக்கும் நாலடித் தொட்டிக்கும் ஒரே பிடி என்றால், ஒன்றில் மீன் சாகும். மற்றதில் நோய் சாகாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவு என்றால், அளவைச் சொல்லாத அறிவுரை எதைத் தருகிறது?

மூன்றாம் வாக்கியம்தான் கொலைகாரன். மாணவனின் கையால் ஒரு பிடி அள்ளச் சொல்லி எடைபோட்டேன். 50 கிராம் இருந்தது. அவன் வாரந்தோறும் அதைப் போட்டான். நீர் குறைந்தபோதெல்லாம் மேலே ஊற்றி நிரப்பினான். பழைய நீரை எடுத்துக் கொட்டவில்லை. ஆவியாவது நீர்தான், உப்பு அன்று என்பது மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது வாரத்தில் 450 கிராம்; 45 லிட்டரில் லிட்டருக்கு 10 கிராம். மீனின் குருதிச் செறிவையே தாண்டிவிட்டது! எந்தச் சுமையைக் குறைக்க உப்பு போட்டோமோ அந்தச் சுமை இப்போது திசைமாறி, மீனின் உடலிலிருந்து நீரை வெளியே இழுக்கத் தொடங்கும். தொட்டி நீரில் 100 மில்லிலிட்டரை ஒரு கிண்ணத்தில் எடுத்து முழுவதும் வற்றக் காய்ச்சி, எஞ்சியதை எடைபோட்டேன். ஒரு கிராமுக்குச் சற்று மேல் இருந்தது. கணக்கும் கிண்ணமும் ஒன்றையே சொல்லின.

நீரை மாற்றுபவர்களும் தப்பித்துவிடவில்லை. வாரம் கால்பங்கு நீரை மாற்றி, ஒவ்வொரு முறையும் தொட்டி முழுவதற்கான உப்பையும் போட்டால், செறிவு ஏறிக்கொண்டே போய் முதல் அளவின் நான்கு மடங்கில் நிலைகொள்ளும். பெருக்குத் தொடர் படித்த மாணவர்கள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். மாற்றிய நீருக்கு உரிய உப்பை மட்டுமே போடவேண்டும் என்ற ஒரு வரியை அச்சிட எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

நான்காம் வாக்கியம்: அயோடின். நம் நாட்டில் அயோடின் கலந்த உப்பில், வாங்குபவர் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கவேண்டும் என்பது விதி. இருமடங்காக 30 என்றே கொள்வோம். லிட்டருக்கு 3 கிராம் உப்பு போட்டால் அதனுடன் சேரும் அயோடின் லிட்டருக்கு 0.09 மில்லிகிராம். மீனைக் கொல்லும் அளவு அன்று இது. மளிகைக் கடையின் கல்லுப்பும் சோடியம் குளோரைடுதான்; பொட்டலத்து உப்பும் சோடியம் குளோரைடுதான். விலையில் உள்ள வேறுபாட்டைச் சவ்வூடு பரவல் அறியாது. பயமுறுத்தி விற்பது வணிகமாகலாம், அறிவியல் ஆகாது.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது மதிப்புரையன்று. தாள் எப்படி இருந்திருக்க வேண்டும்? ‘முதலில் கால்பங்கு நீரை மாற்றுங்கள், பல மீன்கள் அதிலேயே தேறும். வெண்புள்ளி கண்டால் லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் உப்பை எடைபோட்டுத் தனியே கரைத்து, மூன்று பங்காக்கி இரண்டு நாளில் சேருங்கள். தங்கமீனும் மோலியும் கப்பியும் இதைத் தாங்கும். நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்கும் செடிகளுக்கும் இது ஆகாது. நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். காற்றுக்குழாய் ஓடட்டும். நோய் தீர்ந்ததும் நீரை மாற்றி உப்பை வெளியேற்றுங்கள். நான்கு முறை கால்பங்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். நலமான மீனுக்கு உப்பு வேண்டாம்.’ இவ்வளவும் அதே தாளில் அடங்கும்.

கொளத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் வண்ணமீன் வளர்த்துப் பிழைப்பவர்களின் கைக்கு அளவு பழகியிருக்கலாம். அந்தக் கையை அச்சடித்துக் கொடுக்க முடியாது. கிராமையும் லிட்டரையும்தான் கொடுக்க முடியும். அச்சிட்டதை நம்பி அப்படியே செய்த சிறுவன் தவறு செய்யவில்லை. அளவு சொல்லாமல் அச்சிட்டவர் ஒரு தவறு செய்தார்; படிக்காமலே ‘போடு’ என்ற ஆசிரியர் இன்னொரு தவறு செய்தார். அவனிடம் அதைச் சொன்னேன். இப்போது அவன் தொட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறான்: ‘நீர் 45 லிட்டர்’. உங்கள் வீட்டுத் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று உங்களுக்குத் தெரியுமா? உப்பு டப்பாவைத் திறக்குமுன் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.