வாசலில் நின்ற அறுவர்

தமிழில் 'விசிறி' என்றொரு சொல் வழங்குகிறது. நடிகருக்கு விசிறி, ஆட்டக்காரருக்கு விசிறி என்கிறோம். ஆங்கிலத்து 'ஃபேன்' என்னும் சொல்லைக் காற்று வீசும் கருவியெனக் கொண்டு யாரோ வேடிக்கையாகப் பெயர்த்தது அப்படியே நிலைத்துவிட்டது. அச்சொல்லின் வேரோ வேறு. இலத்தீனில் 'ஃபானும்' என்றால் கோவில். கோவிலில் ஆவேசம் கொண்டவன் 'ஃபனாட்டிக்குஸ்'. அதன் குறுக்கமே ஃபேன். குருமடத்தில் இலத்தீன் இலக்கணத்தை மனனம் செய்த நமக்கு, ரசிகனின் பிறப்பிடம் கோவில் என்னும் செய்தி வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றவில்லை. கோவில் என்றால் வாசல் உண்டு. வாசல் என்றால் உள்ளே அழைப்பதும் உண்டு, வெளியே நிறுத்துவதும் உண்டு.

அண்மையில் மூன்று நூல்களை அடுத்தடுத்து வாசித்தோம். மூன்றும் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்களின் வரலாற்றைத் தொடுபவை. சாம் மாஸ்கோவிட்ஸ் எழுதிய 'தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்' 1954-இலும், ஹாரி வார்னர் எழுதிய 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்' 1969-இலும், ஃபிரடெரிக் போலின் தன்வரலாறான 'தி வே தி ஃபியூச்சர் வாஸ்' 1978-இலும் நூலாக வெளிவந்தன. விண்வெளிக் கதைகளில் மயங்கிய சில பிள்ளைகளின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். இன்று கணினியே கதியென்று இருக்கும் இளைஞர் பலர் தம்மைப் பெருமையோடு 'கீக்' என்று அழைத்துக்கொள்கின்றனர். முற்காலத்தில் அமெரிக்கக் கண்காட்சிக் கூடாரங்களில் கோழியின் தலையைக் கடித்துக் காட்டி வயிறு வளர்த்தவனுக்கு வழங்கிய பெயர் அது. பின்னர் பள்ளியில் யாரோடும் ஒட்டாத மாணவனுக்கு வசையாயிற்று, இன்று பட்டமாகிவிட்டது. அந்த இளைஞரின் மூதாதையரை இந்நூல்களில் சந்திக்கலாம்.

இவ்வரலாறு ஒரு கடைக்காரரிடம் தொடங்குகிறது. லக்சம்பர்க்கில் பிறந்து 1904-இல் அமெரிக்கா சென்ற ஹியூகோ கெர்ன்ஸ்பேக், மின்கருவிகளையும் வானொலி உதிரிப் பாகங்களையும் அஞ்சல்வழி விற்றவர். அவ்வாணிபத்திலிருந்து தொழில்நுட்ப இதழ்கள் கிளைத்தன. 1926 ஏப்ரலில், அறிவியல் புனைகதைக்கென்றே 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அதில் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டார். அச்சிறு செயல் பெருவிளைவைத் தந்தது. தன்னைப் போலவே செவ்வாய்க் கிரகத்தைக் கனவு காணும் மற்றொருவன் எந்தத் தெருவில் வாழ்கிறான் என்பது ஒவ்வொருவனுக்கும் தெரியவந்தது. கடிதங்கள் பறந்தன, சங்கங்கள் பிறந்தன, ரசிகர்களே தமக்கென ஏடுகள் நடத்தினர்.

அவ்வேடுகள் உருவான விதம் சுவையானது. வான ஊர்திகளையும் இயந்திர மனிதர்களையும் கற்பனை செய்தவர்களின் கையில் இருந்தவை ஜெலட்டின் தட்டும் ஊதா மையும்தாம். தட்டில் பதிந்த எழுத்து சில பத்துப் படிகளிலேயே மங்கிவிடும். வசதியுள்ளோர் மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து, நம் பங்குகளில் அறிக்கைகள் எடுத்த அதே சைக்ளோஸ்டைல் முறையில் படியெடுத்தனர். இதில் வருமானம் ஏதுமில்லை. இலத்தீனில் 'அமாரே' என்றால் அன்பு செய்தல். கூலிக்கன்றி அன்பினால் ஒன்றைச் செய்பவனே 'அமெச்சூர்'. அச்சொல்லுக்கு இவர்களைவிடத் தக்க சான்று தேட வேண்டியதில்லை.

இத்தகைய அன்பர்கள் 1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் கூடினர். முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு அது. ஏறத்தாழ இருநூறு பேர் வந்தனர். ஃபாரஸ்ட் அக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மாந்தரைப் போல உடையணிந்து வந்தனர். உடைகளைத் தைத்தவர் டக்ளஸ். இன்று உலகெங்கும் மாநாடுகளில் காணும் வேடப்புனைவுக்கு அது முன்னோடி. அதே நகரில் அவ்வாண்டு நடைபெற்ற உலகப் பொருட்காட்சியின் கருப்பொருள் 'நாளைய உலகம்'. ஆனால் மாநாட்டு வாசலில் அறுவர் தடுக்கப்பட்டனர். டொனால்ட் வோல்ஹைம், ஃபிரடெரிக் போல், சிரில் கார்ன்பிளத், ராபர்ட் லவுண்ட்ஸ், ஜான் மிஷெல், ஜாக் கில்லஸ்பி ஆகிய அவ்வறுவரும் 'ஃபியூச்சரியன்ஸ்' என்ற குழுவினர். இடதுசாரிக் கருத்துகளில் நாட்டமுடையோர். இவர்கள் துண்டறிக்கை விநியோகித்துக் கூட்டத்தைக் குலைப்பர் என்று அமைப்பாளர் அஞ்சினர். அச்சத்துக்குக் காரணமான துண்டறிக்கையை எழுதிய டேவிட் கைலோ உள்ளே அமர்ந்திருந்தார்! கார்ன்பிளத்துக்கு அன்றுதான் பதினாறு வயது நிறைந்தது.

வாசலைக் காத்தவர்களுள் ஒருவரே மாஸ்கோவிட்ஸ். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. தம் நூலில் தம்மையே படர்க்கையில் 'மாஸ்கோவிட்ஸ்' என்று குறிப்பிட்டு, ஒரு பேரரசின் வீழ்ச்சியை எழுதும் தொனியில் சிறுவர் சங்கங்களின் பூசல்களைப் பதிவு செய்கிறார். எந்த ஏடு எப்போது வந்தது, எந்தக் கூட்டத்தில் யார் யாரோடு முரண்பட்டனர் என்பவற்றையெல்லாம் சேகரித்த அவருடைய உழைப்பைப் போற்றாமல் இருக்க இயலாது. அவரன்றி அவ்வரலாற்றில் பெரும்பகுதி மறைந்தே போயிருக்கும். எனினும் நூலில் சிரிப்பில்லை. ஒழுங்காக நடப்போம் என்று வாக்களித்தால் உள்ளே விடுவதாகச் சொன்னோம் என்று அவர் கூறும் நியாயம் சட்டப்படி சரியாக இருக்கலாம். வாக்குறுதி கேட்கப்பட்ட இளைஞனின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது நமக்கும் உறுத்துகிறது. பல்லாண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஓர் ஊரில், இளைஞர் சிலர் நம் மேற்பார்வையில் கையெழுத்து ஏடு ஒன்றை நடத்தினர். அவர்களுள் நன்கு எழுதக்கூடிய ஒருவன் கட்சி வாடை வீசும் கட்டுரை ஒன்றைத் தந்தான். குழுவின் அமைதியைக் காக்க வேண்டுமென்று அவனை விலகியிருக்கச் சொன்னோம். அமைதி கிடைத்தது. அவன் திரும்பி வரவில்லை. அவனில்லாத ஏடும் நான்கு இதழ்களில் நின்றுபோயிற்று. ஆகவே மாஸ்கோவிட்ஸைக் குறை கூறும் தகுதி நமக்கு அதிகமில்லை. அவரை உள்ளிருந்து அறிவோம் என்று மட்டும் சொல்லலாம்.

வெளியே நின்ற போலின் நூல் வேறு காற்றை வீசுகிறது. புண்பட்டவரின் புலம்பலை எதிர்பார்த்து வாசிப்பவர் ஏமாறுவார். தாம் இளங்கம்யூனிஸ்ட் சங்கத்தில் இருந்ததை அவர் மறைக்கவில்லை. மற்ற ரசிகர்களைவிடத் தாங்களே மேலானவர்கள் என்ற எண்ணத்தைத் தம் குழுவினர் வெளிப்படையாகக் காட்டிக்கொண்டதையும், அது பிறருக்கு எரிச்சலூட்டியதையும் நகைச்சுவையோடு ஒப்புக்கொள்கிறார். தன் பங்கை முதலில் கூறிவிட்டுப் பிறர் பங்கைக் கூறுவதே நேர்மையான தன்வரலாறு. இவ்வகையில் மூன்று நூல்களுள் மிக முதிர்ந்த குரல் போலினுடையது. அவருக்கு இன்னொரு வசதியும் இருந்தது: காலம் அவர் பக்கம் நின்றது. விளம்பர வாணிபம் உலகை ஆள்வதைப் பழித்த 'தி ஸ்பேஸ் மெர்ச்சண்ட்ஸ்' என்னும் புதினத்தை அவரும் கார்ன்பிளத்தும் இணைந்து எழுதினர். 1953-இல் அது நூலாயிற்று. வோல்ஹைம் 1971-இல் தம் பெயரெழுத்துகளில் பதிப்பகமே நிறுவினார். விலக்கப்பட்டவர்களே அத்துறையின் தூண்களாயினர். வென்றவருக்கு மன்னிப்பது எளிது. 1958-இல் முப்பத்து நான்காம் வயதில் மறைந்த கார்ன்பிளத் தம் தரப்பை எழுதும் காலம் வரை வாழவில்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாமவரான வார்னர், மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் செய்தித்தாள் பணியிலிருந்தவர். மாநாடுகளுக்குப் பெரும்பாலும் செல்லாதவர். அதனால் 'ஹேகர்ஸ்டவுன் துறவி' என்றே அழைக்கப்பட்டார். தமக்கு வந்த ஏடுகளுக்குச் சலிக்காமல் மறுமொழிக் கடிதம் எழுதுவதே அவருடைய தவம். பெரிய ஏடென்றும் எளிய ஏடென்றும் அவர் பார்க்கவில்லை. 1940-களைப் பற்றிய அவருடைய நூலில் அதே பரிவு நிறைந்திருக்கிறது. மாஸ்கோவிட்ஸ் போர்களைக் கண்ட இடத்தில் வார்னர் மனிதர்களைக் காண்கிறார். குறையொன்றும் உண்டு. வாசலில் நின்று, இவரை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கொடுமை துறவிக்கு நேர்வதில்லை. தொலைவு தரும் கனிவை, அருகிலிருந்து சேர்ந்து வாழ்வோரின் கனிவோடு ஒப்பிட இயலாது.

சான் டியேகோ நகரில் 1970-இல் ஏறத்தாழ முந்நூறு பேரோடு தொடங்கிய சித்திரக்கதை ரசிகர் மாநாட்டுக்கு இன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். திரைப்பட நிறுவனங்கள் தம் புதிய படங்களுக்கு முரசறையும் மேடையாக அது மாறிவிட்டது. அங்கே கொள்கை பற்றி யாரும் வாக்குறுதி கேட்பதில்லை, நுழைவுச்சீட்டைக் கேட்கிறார்கள். காசு கட்டியவரெல்லாம் உள்ளே. இது முன்னேற்றமா? ஒருவகையில் ஆம். ஆயினும் காசு வாங்கிக்கொண்டு விடப்பட்டவன் வாடிக்கையாளன் ஆகிறான். தோழன் ஆவதற்கு இன்னும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. 1939-இன் வாசற்காவலர் செய்தது தவறே. ஆனால் யார் வருகிறார் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருந்தது.

தனிமையில் வாடியவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டு கட்டிய வீடு அது. அவ்வீட்டின் முதற் பெருவிழாவிலேயே, தாம் அறிந்த அதே தனிமையை ஆறு பேருக்கு அவர்கள் பரிசாகத் தந்தனர். ஒரே பொருளை நேசிப்பது மனிதரை ஒரு கூரையின்கீழ்க் கொணரும் என்பதை இம்மூன்று நூல்களும் ஐயமற நிறுவுகின்றன. அதே பொருளை வேறுவிதமாக நேசிப்பவனுக்கு அக்கூரையில் இடமுண்டா என்பதே அடுத்த வினா. சங்கமோ மன்றமோ அன்பியமோ நடத்துவோர் எவராயினும், அடுத்த கூட்டத்திற்கு முன் வாசலுக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்ப்பது நன்று. நாம் எட்டிப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது.